தூரத்து வளைவில் சொல்பேச்சு கேட்காத கார்

"ஹலோ... ஹலோ... ஆமா, காரக்குடிதான்... ஆமாம்மா, சபியுல்லாதான் பேசுறேன், லயனக் குடுங்க... ஹலோ! டேய் சோமு! என்னடா ஆச்சு? ... எத்தனாவது? ... சத்தமாச் சொல்லுடா, ஒரே இரைச்சலா இருக்கு... ஏழாவதா?"

பீர் முகம்மது மாமு வீட்டு முன்கட்டில், காலை எட்டு மணியிலிருந்து அந்தக் கறுப்புத் தொலைபேசிக்குக் காவல் கிடந்த சபியுல்லா, ஏழாவது என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிங்கப்பூரில் ஓடுவது ஒன்றரை முழ நீளமுள்ள பந்தயக் கார். பொம்மை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், அவன் காதில் விழாமல் சொல்ல வேண்டும். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, தூர நின்று ரேடியோவால் ஓட்டுகிற கார். எழுபத்தொன்பதில் அது அங்கேயே புதுசு. கார், அங்கே அவன் வேலை பார்க்கிற முதலாளியுடையது, ஓட்டுவதும் முதலாளி. பக்குவம் பார்க்கிற கை மட்டும் சபியுல்லாவுடையது. பிள்ளை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பந்தய நேரத்தில் லீவு கேட்டதில் மனுஷனுக்கு வெறுப்பு. "போ. கார் முதல் மூன்றுக்குள் வந்தால் உன் வேலை பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறேன். வராவிட்டால் நீயும் வராதே" என்று சொல்லிவிட்டார். பெர்மிட் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

"சரி... சரி... அழுகாத. நீ அழுதா நான் யார்ட்டப் போயி அழுகுறது? கடேசி ஓட்டம் எப்ப? ... அரமணி நேரமா! சரி, அது போதும். தரை எப்புடி இருக்கு, அத மொதல்ல சொல்லு... ராத்திரி பூரா மழையா... ஆமா... ஆமா... வழுக்குதா, ஒட்டுதா? ... ரெண்டுங்கெட்டான்னா எனக்கென்ன வெளங்கும்? நம்மூரு மாதிரிச் சொல்லுடா. கல்லல் டேசன் பக்கத்துச் சரளையா, திருப்பத்தூருச் சந்தைப் புழுதியா? ... உங்க நேமத்தான்பட்டிக் கம்மாயி... தண்ணி வத்துன மறுநாளு... ஆ, அப்புடிச் சொல்லு! இப்பத்தான் என் கண்ணுக்குத் தெரியுது."

இப்படித்தான் அவர்கள் இருவரும். சோமு அங்கே ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன், சபியுல்லா திரும்பும்வரை அவனுக்குப் பதிலாகக் காரைப் பார்த்துக்கொள்கிறான், கார் அவனுக்குப் புதுசு. அதனால் எந்தத் தரைக்கு என்ன மாட்ட வேண்டும் என்பதை சபியுல்லா ஊர்ப் பேரை வைத்தே சொல்லிக் கொடுத்திருந்தான்.

"டயரு என்ன போட்டுருக்க? ... வரி டயரா! அட கிறுக்குப்பயலே, அது புழுதிக்குல்ல! சேத்துல அதப் போட்டா மண்ணு அப்பிக்கிட்டு மொழுமொழுன்னு ஆயிருமே! பின்னாடி ரெண்டுக்கும் முள்ளு டயரு மாட்டு... நீல டப்பா, பிஸ்கோத்து டப்பா... ஆமா, அதேதான். முன்னாடி வரியே இருக்கட்டும், அப்பத்தான் திரும்பும். மோட்டாரத் தொட்டுப் பாத்தியா? ... கொதிக்கும்ல, சேத்த இழுக்குதுல்ல! பல்சக்கரத்தச் சின்னதா மாத்து... வேகம் கொறையட்டும்டா, பேட்டரி கடேசி வரைக்கும் நிக்கணும்ல... முதலாளி கத்துனாக் கத்துறாரு, நீ மாத்து! ரேடியோ டப்பா மூடியச் சுத்திக் கிரீஸ் வச்சியா? ... அது போதும். சொட்டுத் தண்ணி உள்ள எறங்கக் கூடாது, தெரியுதா... என்னது?"

சபியுல்லா எழுந்து நின்றான்.

"சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதா? ... கிட்டக்க வந்தா ஒழுங்கா ஓடுது... ம்... தூரத்து வளைவுக்குப் போனா கிறுக்குப் புடிச்சுத் திரியுது... எல்லாச் சுத்துலயும் அதே எடத்துலயா? ... அடப் பாவி, இத ஏண்டா மொதல்ல சொல்லல! நான் இங்குட்டு டயரு, பல்சக்கரம்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டுருக்கேன்... காசு கெடக்கட்டும்டா, ஆபரேட்டர்ட்ட இன்னும் மூணு நிமிசம் கேளு! ... கேட்டுட்டியா? சரி. முதலாளி கையில இருக்க பெட்டிக்குப் புது பேட்டரியா? ... அதுல கம்பிய முழுசா இழுத்து விட்டுருக்காரா? ... அப்ப கோளாறு காருலதான். காருல ஏரியல் கம்பி நிமுந்து நிக்குதா? ... நிக்கலையா? சுத்தி வச்சுருக்கியா! எதுலடா சுத்துன? ... தாயத்துலயா? எந்தத் தாயத்து?"

கதவோரம் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி அமீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"பார்சலா? ... நான் கெளம்புன மறுநாளு வந்துச்சா... அமீனா அனுப்புனது... 'கெட்டியாக் கட்டிக்கிறணும், அவுந்துறக் கூடாது'ன்னு எழுதியிருந்துச்சா... அதுக்கு? ... பந்தயத்துக்குத்தான் ஓதி அனுப்பியிருக்குன்னு நீயா நெனச்சு... அவுந்துறக் கூடாதுன்னு ஏரியல் கம்பியவே அதுல சுத்தி... மேல கறுப்புக் கயிறு வேறயா! எத்தன சுத்துடா? ... பதினொண்ணா! யா அல்லா!"

பிள்ளை வீறிட்டது. தூரத்தில் இருக்கிற பெட்டியின் பேச்சைக் காதில் வாங்குகிற ஒரே கம்பி அந்த ஏரியல். அதைச் சுருட்டித் தாயத்தின் செப்புத் தகட்டோடு கட்டிவிட்டால் பக்கத்துப் பேச்சு மட்டும்தானே கேட்கும்?

"நான் சொல்றத நல்லாக் கேளு. கத்தரிய எடு. கயித்த மட்டும் அறு. கம்பி மேல கத்தரி பட்டுச்சு, காரு செத்துச்சு. சுத்தப் பிரிச்சு கம்பிய நெட்டுக்குத்தலா நிறுத்து, அம்புட்டுத்தான்... என்ன? ... மாட்டேன்னா? ஓதுன கயித்துல கத்தரி வைக்க மாட்டியா? டேய், இது வெளையாட்டா... குத்தமெல்லாம் என் தலையில வரட்டும்டா! ... தொட மாட்டேன்னா என்னடா அர்த்தம்? எம் பொழப்புடா அது, சோமு! காலப் புடிக்கிறேன்... சரி... சரி... யாரு கட்டச் சொன்னாகளோ அவுக வாயாலதான் வரணுமா? ... இரு. வச்சுறாத. இந்தா இருக்கா."

அவன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். "அமீனா, அறுக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லு. பந்தயத்துக்கு ஓதுனதுன்னு நெனச்சுக் காருல கட்டி வச்சுருக்கான்."

அமீனா எழுந்திருக்கவில்லை. அது பந்தயத்துக்கு ஓதியது இல்லை என்றாள். பிள்ளையைப் பார்க்க வருகிறவர் அப்புறம் ஊரைவிட்டுப் போகக் கூடாது, அதற்காக ஓதி வாங்கியது என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் அவன் ஊரில் இருந்தது தொண்ணூறு நாள், இந்த லீவையும் சேர்த்து.

சபியுல்லாவுக்குக் கத்த வேண்டும்போல் வந்தது. பொத்தியிருந்த கையை ரிசீவரிலிருந்து எடுத்தான்.

"சோமு... இருக்கேன்... லயன்லதான் இருக்கேன்... ஓட்டத்துக்கு இன்னும் எத்தன நிமிசம்? ... இருபதா... இரு."

அவன் ரிசீவரை அவளிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு. அறுக்கச் சொன்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. பெர்மிட்டு போனா இங்குட்டு நமக்கு என்ன இருக்குன்னு உனக்கும் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல."

அமீனா பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கறுப்புக் கருவியைக் காதில் வைத்தாள்.

"அண்ணே... ஆமாண்ணே, அமீனாதான்... நல்லாருக்கேன்... பிள்ளயும் நல்லாருக்கு, அழுகுறது கேக்குதா? ... ஆமா, நாந்தான் அனுப்புனேன்... உங்க மேல ஒரு குத்தமும் இல்லண்ணே, பாசத்துலதான கட்டுனீக... அறுத்துருங்க... ஆமா, எம் மனசாரத்தான் சொல்றேன், அறுத்துருங்க... அழுகலண்ணே, சளி... கயிறு போனாப் போகுது. தாயத்தத் தூரப் போட்டுறாதீக. பத்திரமா வச்சுருங்க. இவுக அங்குட்டு வருவாக. திரும்பி ஊருக்குக் கெளம்புறன்னிக்கு, நீங்களே இவுக கையில..."

லைன் போய்விட்டது. காதில் வெறும் இரைச்சல். அமீனா ரிசீவரை வைக்கவில்லை.

"...கெட்டியாக் கட்டி அனுப்புங்கண்ணே" என்று மிச்சத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் வைத்தாள்.