மகள் தேர்வுக்குப் போனாள், தாய் கடையில் நின்றார்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, பாடம் புகட்டிய பேராசிரியப் பெருமக்களே, பெற்று, பேணி, இன்று பெருமிதத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வகுப்புக்கும் வேலைக்குமாய் ஓடி ஓடிப் பட்டம் பெற்ற என் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு செருப்புக் கடைக்காரனின் அன்பு வணக்கம்.

சிரிக்காதீர்கள் தம்பிகளா. ஊரைச் சுமக்கும் கால்களைச் சுமக்கிற தொழில் என் தொழில்.

அதோ, இரண்டாம் வரிசையில் தலைகுனிந்து சிரிக்கிறதே ஒரு பெண், அது கல்லூரி விட்டதும் என் கடைக்கு வந்து வேலை பார்த்த பிள்ளை. அவள் அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். "படிக்கிற பிள்ளை கண்டவங்க காலைப் பிடிச்சிக்கிட்டு உட்காரணுமா?" என்று என்னிடமே கேட்டவர்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள். தேர்வு விடுமுறை என்று அவள் காலையிலேயே கடைக்கு வந்திருந்தாள். கடையில் கால் வைக்க இடமில்லை. விற்பனையாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வருகிறது. மறுநாள் நடக்க வேண்டிய வாய்மொழித் தேர்வை அன்று மத்தியானத்துக்கே மாற்றிவிட்டார்களாம். தவறவிட்டால் ஓராண்டு வீண். என்னிடம் விடுப்புக் கேட்டாளா? கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஷூவுக்குக் கயிறு கோத்தாள்.

சாப்பாடு கொண்டுவந்த அம்மாதான் அவள் முகத்தைப் படித்தார்.

"என்னடி ஆச்சு?"

சொன்னாள்.

"நீ கிளம்பு. நான் நிக்கிறேன்."

"உனக்கு ஷூவைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"உன் கால் வளர்ந்ததை யாரு பார்த்தா? போடி."

போனாள், கடைச் சீருடையோடே போனாள். இங்கே அம்மா என்ன செய்தார் தெரியுமா? விலை உயர்ந்த ஷூவை எடுத்த ஒருவரிடம், "இது வேணாம் சார், பையன் விரல் மடங்குது பாருங்க" என்கிறார். நான் கல்லாவிலிருந்து எழுந்தேவிட்டேன். ஆனால் அந்த மனிதர் வேறு ஜோடி வாங்கினார், தம்பி மகனுக்கும் சேர்த்து வாங்கினார். அழுத குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அளவு பார்த்தார்.

அங்கே தேர்வாளர் அம்மையார், மூச்சிரைக்க வந்தவளின் சீருடையைப் பார்த்து, "வேலையிலருந்தா வர்றே? தண்ணி குடி, அப்புறம் கேக்குறேன்" என்றாராம்.

மாலையில் திரும்பியவள், தரையில் அமர்ந்து ஒரு சிறுமிக்குக் கயிறு கட்டும் அம்மாவைக் கண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிடி?"

"நல்லா சொன்னேம்மா."

"சரி, அந்தக் காலை நீ கட்டு."

இரண்டு காலுக்கும் இரண்டு பேர். அதன்பின் ஒவ்வொரு தேர்வுக்கும் மகள் கல்லூரியில், தாய் என் கடையில்.

வேலை கொடுக்கும் பெரியோர்களே, உழைக்கிற பிள்ளை விடுப்புக் கேட்காது. கூச்சம் கேட்க விடாது, குடும்பம் கேட்க விடாது. கேட்கட்டும் என்று காத்திருக்கலாமா? தேர்வு எப்போது என்று நீங்கள் கேளுங்கள். கேட்டு, நீங்களே அனுப்புங்கள். ஒரு நாள் வியாபாரம் மறுநாளும் வரும். ஒரு பிள்ளையின் ஓராண்டு வருமா?

பொறுமையாய்க் கேட்ட உங்கள் நல்ல மனங்களுக்கு நன்றி. பட்டம் பெற்ற பிள்ளைகள் எந்தப் பாதையில் நடந்தாலும் பாதம் நோகாமல் நடக்கட்டும். வணக்கம்.