எதிர்காற்றில் மூன்று குரல்

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் துணி காயப்போட்டால் ஒரு கிளிப் போதாது, இரண்டு போட வேண்டும். இல்லாவிட்டால் மேற்கேயிருந்து வருகிற காற்று வேட்டியை உருவிக்கொண்டு போய் நாலு தோட்டம் தள்ளிக் கிழக்கே ஏதாவது வேலியில் மாட்டிவிடும். என் மனைவி சத்யபிரியா கல்யாணமாகி வந்த முதல் ஆடியிலேயே மூன்று சேலையைப் பறிகொடுத்தாள். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

இதை ஏன் சொல்கிறேனென்றால், அந்தக் காற்றைப் பற்றித் தெரியாது என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் சொல்ல முடியாது. நானும் சொல்லப்போவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. காலையிலிருந்து நீங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் மரியாதையாகவே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெகதீஸ்வரன். திருச்செங்கோட்டுப் பக்கம் கரட்டடியில், அந்தப் பாறைக் குன்றை ஒட்டித் தோட்டம். சொந்தத்தில் ரிக் வண்டியும் பாறை உடைக்கிற கம்ப்ரசரும் இருக்கின்றன. காற்றில் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனிக்காரர்கள் கரட்டுமேல் ஒரு கம்பத்தை நட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று வருசம் முழுக்க அளந்தார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் கடல் தாண்டி இருக்கிற ஒரு பேங்க் காத்தாடி போடக் கடன் கொடுத்தது. எங்கள் ஊர்க் காற்றை நம்பி எங்கேயோ இருக்கிறவன் பணம் கொட்டுகிறான் என்றால் பெருமையாக இருக்காதா. நிலம் பேசி முடித்தது நான். பாதை போட்டது நான். அஸ்திவாரத்துக்குப் பாறை உடைக்கிற கான்ட்ராக்டும் எனக்குத்தான். ஊரில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. நான் பேசிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை, எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

பேங்க் ஒரு சட்டம் வைத்திருந்தது. காத்தாடிக்குப் பக்கத்தில் யார் குடியிருந்தாலும் அவர்களை நேரில் பார்த்துச் சம்மதம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தவணை வராது. அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கம்பெனி எஞ்சினியர் ஈஸ்வர் என்னைக் கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன். அது பொய் இல்லை ஐயா. எனக்கு உண்மையிலேயே ஆண்டியின் நினைப்பு வரவில்லை.

ஆண்டி கரட்டின் மேற்குச் சரிவில், புறம்போக்கில் ஓலைச் சாளை போட்டுக் குடியிருந்து ஆடு மேய்த்தவன். அவன் அப்பன் எங்களிடம் பண்ணையத்தில் இருந்தவன். ஆண்டி என்னைவிட மூத்தவன்தான். ஆனாலும் நிலத்துக்காரரை எங்கள் பக்கம் கூப்பிடுகிற மாதிரி என்னைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவான். அவன் பெண்டாட்டி ராசாத்தி என் கடலைக்காட்டில் களை வெட்டுகிறவள். நல்ல ஜனங்கள். எனக்கு அவர்கள்மேல் எந்தக் கோபமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேங்க் சார்பில் மெட்ராஸிலிருந்து மைதிலி என்று ஒரு அம்மா வந்தார். சரிவில் புகை வருவதைப் பார்த்துவிட்டு, அங்கே யார் அடுப்பு எரிக்கிறார்கள் என்று கேட்டார். ஆட்டுக்காரன் என்றேன். அவரைப் பார்க்க வேண்டும் என்றார். அவரை. என் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று நினைத்துக் கொடுத்தனுப்பினேன்.

சாளை முன்னால் வேப்பமரத்தடியில் ஒன்றைப் போட்டு அந்த அம்மா உட்கார்ந்தார். இன்னொன்றை ஆண்டியின் பக்கம் நகர்த்தினார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனே புரிந்துகொள்வான் என்று இருந்தேன்.

"உக்காருங்க ஐயா. நீங்க நின்னுட்டு இருந்தா நான் பேச மாட்டேன்" என்றார் மைதிலி.

அவன் உட்கார்ந்தான். நுனியில்தான் உட்கார்ந்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. நானும் எஞ்சினியரும் வெயிலில் நின்றோம். அந்த அம்மா அவன் சாளைச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் பேசப்பேச முதுகு நாற்காலியில் சாய்ந்தது. கடைசியில் சொன்னான்: "ஊடு வேற பக்கம் கட்டிக் குடுத்தாப் போதுமுங்க. அதுவரைக்கும் வெடி வெக்கறப்ப முன்னாடியே சொல்லோணுமுங்க. ஜெகதீசண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

அத்தனை வருசத்தில் என் பெயரை அவன் வாயில் நான் கேட்டதில்லை. வெடி வைப்பது யார் என்று அந்த அம்மா கேட்டதால் அவன் என் பெயரைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது எனக்குப் புரிகிறது. நான் நியாயம் தெரியாதவன் இல்லை.

கடன் நின்றுபோகும் என்ற பயத்தில்தான் செய்தேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது அப்படி இல்லை. கம்பெனி உடனே ஒத்துக்கொண்டது. ஊருக்குள்ளேயே கான்கிரீட் வீடு, பட்டாவோடு. தவணையும் தங்குதடையில்லாமல் வந்தது. எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அந்த அம்மா ஒரு ஏற்பாடு மட்டும் செய்துவிட்டுப் போனார். வெடிக்கு முன்னால் நான் கரட்டின் மேற்கு விளிம்புக்குப் போய் மூன்று முறை கூப்பிட வேண்டும். ஆண்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரிய பாறைக்குப் பின்னால் போய், "ஆச்சுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். அது கேட்ட பிறகுதான் வெடிக்காரர் குமரகுரு பட்டனை அமுக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். என் கம்ப்ரசர், என் ஆட்கள், என் கான்ட்ராக்ட். ஆண்டி சரி என்கிற வரைக்கும் நான் விளிம்பில் நின்று காத்திருக்க வேண்டும். சில நாள் ஒரு ஆட்டுக்குட்டி தவறிப்போய்விட்டது என்று அரைமணி நேரம் நிற்க வைத்தான். கீழே ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிரித்திருக்கலாம்.

அந்த நாற்காலியை நான் திருப்பி எடுத்துவரவில்லை. அதை இனி வீட்டில் எங்கே போடுவது. அவனுக்கே கொடுத்துவிட்டதாக நினைத்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் சாயங்காலமானால் வேப்பமரத்தடியில் அதைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். கரட்டுமேலிருந்து பார்த்தால் தெரியும். கால்மேல் கால் போடவில்லை. போட்டிருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு ஆடி பிறந்து நல்ல காற்று. குழியில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் மேற்கு விளிம்புக்குப் போகவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிழக்குப் பக்கம் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்று மூன்று முறை கூப்பிட்டேன். நன்றாகத் தொண்டையைத் திறந்துதான் கூப்பிட்டேன். கிழக்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, விசாரணையில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்ரசரை அணைக்கச் சொல்லவில்லை. குழியின் மேற்குப் பக்கம் கல் பறக்காமல் மூட வேண்டிய மணல் மூட்டைகளைக் காலையிலேயே பாதை வேலைக்கு எடுத்துப்போகச் சொல்லியிருந்தேன்.

கம்ப்ரசர் சத்தத்தில் குமரகுருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "குரல் வந்துருச்சுங்களா?" என்றார்.

"வந்துருச்சு, அமுக்குங்க" என்றேன்.

குமரகுரு இப்போது வேலையை விட்டுவிட்டார். சோறு இறங்கவில்லை என்று அழுகிறாராம். அவர் ஏன் அழ வேண்டும். பட்டனை அமுக்கியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை.

கல் வந்து விழுந்தபோது ஆண்டி நாற்காலியில்தான் இருந்தான் என்றார்கள். மடியில் ஒரு குட்டியை வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தானாம். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். கம்பெனி ராசாத்திக்குப் பணம் கொடுத்தது, வீடும் கட்டிக் கொடுத்தது. நானே முன்னின்று காரியம் நடத்தினேன், ஊரே சொல்லும். பதினாறாம் நாள் மைதிலி துக்கம் கேட்க வந்தபோதுதான் ராசாத்தி வாயைத் திறந்தாள்.

"பண்ணாடி கூப்புட்டது காட்டுல எனக்கு நல்லாக் கேட்டுதுங்க. எம்பட ஊட்டுக்காரரு பதில் சொன்னது கேக்கலீங்க. தினம் கேக்குமுங்க. காத்து அவரு பக்கமிருந்துதானுங்க அடிச்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். அழக்கூட இல்லை. அவள் கிழக்கே என் கடலைக்காட்டில் இருந்தாள். என் குரல் காற்றோடு அவளிடம் போயிற்று. ஆண்டி பதில் கொடுத்திருந்தால் அதுவும் காற்றோடு அவளிடம்தான் வந்திருக்கும். இதை யோசிக்காமல் விட்டதுதான் என் தப்பு. மைதிலி அந்தக் கம்பத்தின் கணக்கை வாங்கி உங்களிடம் கொடுத்துவிட்டார். அந்த நேரத்துக்குக் காற்று எந்தப் பக்கம் என்று அதில் இருக்கிறது. எங்கள் காற்றை அளந்து எங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறார்கள், இதையெல்லாம் கேட்க ஆளில்லை.

நான்தான் செய்தேன். எதிர்காற்றில் குரல் போகாது என்று தெரிந்து கூப்பிட்டேன். வராத பதிலை வந்தது என்றேன். ஊருக்குக் காத்தாடி வர வேண்டும், கரண்டு வர வேண்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்க வேண்டும், அதற்கு இடைஞ்சலாக எதுவும் இருக்கக் கூடாது என்கிற ஒரே எண்ணம்தான். ஆண்டிமேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்று மறுபடியும் சொல்கிறேன்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் ஐயா. உள்ளே வந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்த ராசாத்திக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்குமாவது அவளைக் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.