தடாலடியார் வாங்கிய கடைசி அடி

சங்கத் தலைவர் அவர்களே, மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் தடாலடியாரின் துணைவியார், என் அண்ணி அவர்களே, இடம் போதாமல் படிக்கட்டிலும் வாசலிலும் நிற்கும் பெருமக்களே! வணக்கம்.

நகைச்சுவை வேந்தர், நம் தடாலடியார் மறைந்துவிட்டார் என்று தலைவர் சொன்னார். மறையவில்லை ஐயா! அடித்துக் கொல்லப்பட்டார். இங்கேயாவது அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவோம்.

பத்தொன்பது ஆண்டுகள் மேடையில் அவரை அறைந்தவன் நான். நான் அறைவேன், அவர் தடாலென்று விழுவார், நீங்கள் சிரிப்பீர்கள். முதல் ஒத்திகையில் என் கை நடுங்கியது.

“என்னய்யா, பவுடர் பூசி விடுறியா? ஓங்கி அடி! நீ தயங்குனா கை காதுல படும்” என்றார்.

தயங்கினேன். பட்டது. அன்றிலிருந்து அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. ஒருமுறையாவது குறை சொன்னாரா? “நல்லதாப் போச்சு, உன் வசனத்துலேர்ந்து தப்பிச்சேன்” என்றார்!

விழுவதில்தான் சிரிப்பு என்று நான் நினைத்திருந்தேன். “விழ எவனுக்கும் தெரியும். எழுந்திரிச்சதும் யாராவது பாத்துட்டாங்களான்னு திருட்டு முழி முழிக்கிறான் பாரு, அங்க இருக்கு சிரிப்பு” என்பார். அந்தக் கண்ணோடுதான் அவர் தெருவில் நடந்தார். அந்தக் கண்ணுக்குத்தான் காளை அகப்பட்டான்.

காளை யார்? பதினோரு ஆண்டுகளாகச் சந்தையை மிரட்டி வைத்திருப்பவன். ஒரு நாள், வண்டிக்கு வழிவிடத் தாமதித்த மூட்டைத் தொழிலாளி ஒருவரைப் பழப்பெட்டிப் பலகையால் அடித்தான். உதடு கிழிந்தது, பற்கள் தெறித்தன. சந்தையே தரையைப் பார்த்தது. நானும் தரையைத்தான் பார்த்தேன். தடாலடியார் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தத் தொழிலாளியை நாங்கள் இருவரும் மருத்துவமனையில் சேர்த்தோம். சட்டையெல்லாம் இரத்தத்தோடு வெளியே வந்த தடாலடியார் கேட்டார்: “கவனிச்சியா? அடிக்கிறதுக்கு முன்னாடி கைக்கடிகாரத்தைக் கழட்டினான். துடைச்சான். சட்டைப் பையில பத்திரமா வச்சான். ஒருத்தன் பல்லு போகுது, இவனுக்குக் கண்ணாடியில கீறல் விழக் கூடாதாம்!”

ஆறு வாரம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். அந்த நடை, கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பும் அந்தத் திமிர், எல்லாம் வந்தது. காளையை வைத்துப் போட்ட நாடகத்தின் முதல் காட்சியில் அவர் யாரையும் அடிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றினார், துடைத்தார், பையில் வைத்தார். அரங்கம் மூச்சடைத்துப் போனது. பிறகு எங்கோ ஒருவர் சிரித்தார். அப்புறம் கூரை அதிர்ந்தது!

அடுத்த வாரம் சந்தையில், தேநீர் விற்கும் அம்மாவை அடிக்கக் காளை கடிகாரத்தைக் கழற்றினான். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கடையும் சிரித்தது. கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே அவன் திரும்பிப் போனான். அது சாதாரண நாளா? சொல்லுங்கள்!

மூன்றாம் நாள் பிற்பகல், ஒப்பனை அறைக்குள் ஐந்து பேர் வந்தார்கள். இரும்புக் குழாயின் முதல் அடி முழங்காலில். அடுத்தது தாடையில். இவ்வளவு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் அங்கே இருந்தேன்! தொங்கவிட்ட உடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தேநீர் குடிக்கப் போயிருந்ததாகக் காவலரிடம் பொய் சொன்னேன்.

“எழுந்திருடா! இப்பச் சிரிப்புக் காட்டு” என்றான் காளை.

நாற்காலியைப் பிடித்து எழுந்தார். வாயிலிருந்து இரத்தம் கொட்டியது. காளையின் கை பழக்கத்தில் கடிகாரத்துக்குப் போய், சட்டென்று நின்றது.

“கழட்டுங்க தம்பி. நல்ல கடிகாரம், வீணாப் போயிடும்” என்றார் தடாலடியார்.

காளையோடு வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். காளை கழற்றவில்லை. அப்படியே தலையில் அடித்தான். அவர்கள் போன பிறகும் நான் அவர் அருகே போகவில்லை. பின்வாசல் வழியாக ஓடினேன். பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். நானோ ஒரு நாள்கூட மருத்துவமனைப் படி ஏறவில்லை.

நேற்று அண்ணியிடம் போய் அழுதேன். “நான் அங்கதான் இருந்தேன் அண்ணி.”

“தெரியும்” என்றார். “செருப்பை ஒப்பனை அறை வாசல்லயே விட்டுட்டு ஓடியிருக்கீங்க. நான்தான் எடுத்து வச்சேன். போட்டுக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போங்க.”

இன்று காலை போனேன். ஐந்து பேரையும் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீதிமன்றத்திலும் சொல்வேன்.

பின்வாசல் அருகே நிற்கும் தம்பிகளே, உங்களை அனுப்பியவனிடம் இதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதே நாடகம் நடக்கும். காளை வேடம் எனக்கு. கதவைப் பூட்ட மாட்டோம்.

பெருமக்களே! அவர் அளவுக்கு எனக்கு வராது. கை நடுங்கும், வசனம் குளறும். ஆனாலும் வாருங்கள். சந்தை வரை கேட்கிற மாதிரி சிரியுங்கள்!