பயனடைவோர் முந்நூற்றுப் பதினொரு பேர்

காப்பி வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பூந்தமல்லித் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது, இல்லையா? எங்கள் குப்பத்துக் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் இக்னேஷியஸ். நசரத்பேட்டைக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக வாத்தியார். பள்ளிக்கூடத்தை ஒட்டின குப்பத்துக்குக் குடிதண்ணீர்க் கிணறு கிடையாது. பெண்கள் ஊர்க்கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனசு இரங்கி ஊற்றுகிறவரைக்கும் வெயிலில் நிற்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். மனு மேல் மனு போட்டு, போன வருஷம், முப்பத்தேழில், சர்க்காரிடம் கிராம அபிவிருத்தி மானியம் வாங்கினது நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மானியத்தோடு அச்சடித்த பாரம் ஒன்றும் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூர்த்தி செய்து அனுப்ப வேண்டிய முன்னேற்ற அறிக்கை. தோண்டின ஆழம் எத்தனை அடி, தண்ணீர் கண்டதா, பயனடைவோர் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். ஒரு அறிக்கையில் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும். விபத்து ஏதாவது நேர்ந்தால் விசாரணை முடிகிறவரை வேலையை நிறுத்த வேண்டும். மார்ச்சுக்குள் முடியாவிட்டால் எல்லாம் காலாவதி.

முதல் அறிக்கையில் பன்னிரண்டு அடி என்று எழுதினேன். அது நிஜம். அதற்குக் கீழே பாறை. மூன்று மாதம் முட்டி மோதியும் ஐந்தடிக்கு மேல் இறங்கவில்லை. இரண்டாவது அறிக்கையில் முப்பது என்று போட்டேன். பொய் என்று சொல்லாதீர்கள். முன்கூட்டி எழுதினேன், அவ்வளவுதான். என்றைக்காவது முப்பது அடி வரத்தானே போகிறது?

கார்த்திகையில் கடுதாசி வந்தது. பத்து நாளில் அதிகாரி துரை நேரில் வந்து டேப்பு வைத்து அளப்பாராம். மூன்றாவது அறிக்கையை அவர் கையிலேயே கொடுக்க வேண்டுமாம். அன்றைக்குக் கிணறு இருபத்திரண்டு அடி.

வெட்டினவன் வீராசாமி. மண் சுமந்தவள் அவன் பெண்சாதி வேம்புலியம்மாள். கூட இரண்டு கூலியாட்கள். வீராசாமி தொழில் தெரிந்தவன், ஆனால் பிடிவாதக்காரன். "மேல மணலு சரிஞ்சிகினு கீது வாத்தியாரே. கல்லு கட்டாம எறங்கக் கூடாது" என்றான். கல் கட்டினால் ஒரு வாரம் போய்விடும். நான் கோபப்படவில்லை. பாரத்தை விரித்துப் பொறுமையாகக் காட்டினேன். ஆழத்துக்குக் கட்டம் இருந்தது. சுவருக்குக் கட்டம் இல்லை. எழுத்து வாசனை இல்லாதவன், பாவம், அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பேச்சுக்கு மரியாதை கொடுத்து இறங்கினான்.

துரை வருவதற்கு முந்தின நாள் தூறல். பன்னிரண்டு மணிக்கு மற்ற மூன்று பேரும் கூழ் குடிக்கப் போனார்கள். இன்னும் ஓர் அடி வெட்டிவிட்டுப் போ என்று வீராசாமியை மட்டும் நான்தான் நிறுத்திவைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு பக்கச் சுவர் பொதபொதவென்று உள்ளே விழுந்தது. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

"கீறேன் வாத்தியாரே, கீறேன்" என்று குரல் வந்தது. "இடுப்பு வரிக்கும் மண்ணு மூடிகினு கீது. ஊத்து ஒடச்சிகிச்சி, தண்ணி வந்துகினு கீது. நாலு பேரக் கூப்டு."

தண்ணி வந்துகினு கீது. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதோ ஆள் கூட்டிவருகிறேன், அசையாமல் இரு என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆள் கூப்பிடத்தான் கிளம்பினேன். வழியில் வேம்புலியும் அந்த இரண்டு பேரும் எதிரே வந்தார்கள். மழை வலுக்கிறது, இன்றைக்கு வேலை போதும், வீராசாமியை ஆவடிக்குக் கயிறு வாங்க அனுப்பியிருக்கிறேன் என்றேன். வாயில் அப்படி வந்துவிட்டது. கலங்கிப்போன மனுஷன் என்ன பேசுகிறோம் என்று தெரிந்தா பேசுகிறான்? அவர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து கொஞ்சம் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கீறேன், கீறேன். அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று ஐயா. ஒருத்தனுக்கும் வரவில்லை. சுவர்க்கடியாரத்தில் ஒன்றரை அடித்தபோது குரல் நின்றிருந்தது. அப்புறம் யாரைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? கிணற்றங்கரைக்குப் போய் ஜெபம் சொன்னேன். கரையில் குவித்திருந்த மண்ணை மண்வெட்டியால் உள்ளே தள்ளினேன். கை கொப்பளித்துவிட்டது.

மறுநாள் துரை வந்தார். எட்டிப் பார்த்தார், தண்ணீர் தெரிந்தது, கைகுலுக்கினார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. அவர் போனபிறகு கல் சுவரும் கட்டிமுடித்தேன். வேம்புலி தினமும் நாலு குடம் மொண்டு போனாள். ஆவடிக்குப் போனவன் அப்படியே வெளியூர் வேலைக்குப் போயிருப்பான் என்று, புருஷனைத் தேடி அவள் கோலாருக்கும் பெங்களூருக்கும் போட்ட கடுதாசிகளை எழுதிக்கொடுத்தது நான்தான். ஒரு காலணா வாங்கவில்லை.

இந்தச் சித்திரையில் தண்ணீர் கீழே போயிற்று. தூர் வாரினபோது கூடை சுமக்க வந்தவளும் வேம்புலிதான். மூன்றாவது கூடையில் அவனுடைய வெள்ளி அரைஞாண் வந்தது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"அஞ்சு மாசமா நாங்க இன்னாத்தக் குடிச்சோம் வாத்தியாரே?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, அரைஞாணோடு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். நான் யாரையும் கொல்ல நினைத்தவன் இல்லை ஐயா. அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டேன், நேரம் போனது தெரியவில்லை. குற்றம் என்றால் அதுதான் குற்றம்.

நீங்கள் அந்த மூன்றாவது அறிக்கையையே புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் இரண்டிலும் பயனடைவோர் முந்நூற்றுப் பன்னிரண்டு, இதில் மட்டும் ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்கிறீர்கள். இதில் என்ன சந்தேகம்? வீராசாமியைக் கழித்தேன். தண்ணீர் குடிக்கப்போகாதவனைக் கணக்கில் சேர்த்தால் அது பொய் அறிக்கை. அடியில் தேதியோடு நேரமும் போடுவது என் வழக்கம், பாருங்கள், துரை வருவதற்கு முந்தின நாள், பகல் பன்னிரண்டே முக்கால் என்று இருக்கும். முன்கூட்டி எழுதினேன், அவ்வளவுதான்.