காலைக் கஷாயம்

அந்த வாளியைத் தூக்காதீங்கம்மா, அடி விட்டுப்போயிருக்கு. தூக்குனா மண்ணு மொத்தமும் உங்க கால்லதான் கொட்டும். வல்லாரை அது. பெயின்ட் வாளி, ஸ்க்ரூடிரைவரை அடுப்புல காய்ச்சி நான்தான் ஓட்டை போட்டேன். நாலு போதும்னேன், இல்ல எட்டு போடுன்னா எங்க வீட்டுக்காரி, அதான் நீங்க அக்கா அக்காங்கிறீங்களே, அவதான். எட்டு போட்டதுல அடியே பிளந்துகிச்சு. அதுக்கும் திட்டு எனக்குத்தான்.

உக்காருங்க. பையை இப்படி ஓரமா வைங்க. நிலவேம்புதானே, தரேன், தராம எங்க போகப் போறேன். அவளா? எதிர் பிளாக்குக்குப் போயிருக்கா. அங்க நாலு பேரு வீட்ல தொட்டி வைக்கணுமாம், எந்த இலை எதுக்குன்னு சொல்லிக்குடுக்கப் போயிருக்கா. எல்லாருக்கும் பிரஷராம். அவ இப்ப பெரிய டாக்டரு, நான் கம்பவுண்டர்.

ஆமா, வாசல்ல நிக்கும்போது என்னமோ சொன்னீங்களே. உங்க வீட்டுக்காரர் முந்தாநாள்லேர்ந்து மாத்திரையை நிறுத்திட்டாரா? அவ சொல்லித்தானா? ம்ம். இல்லம்மா, ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். தலை கிலை சுத்துதுங்கிறாரா? லேசாவா. சரி.

நான் என்ன சொல்றேன்னா, இந்தச் செடி வளர்க்குறது நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. உங்களால முடியாதுன்னு சொல்லல, எங்களாலயே முடியலங்கிறேன். காலையில ஆறேகாலுக்கு நான் ஸ்கூல் வேனை எடுக்கணும். அதுக்கு முன்னாடி முப்பத்தெட்டு தொட்டிக்கும் தண்ணி. பால்கனியில குழாய் கிடையாது, பாத்ரூம்லேர்ந்து பக்கெட் பக்கெட்டா சுமக்கணும். ஒரு சொட்டு அதிகமாச்சுன்னா கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்ட இடத்துல ஒழுகும், அவர் ஏறி வந்து என்னைத்தான் பிடிப்பார். ஞாயித்துக்கிழமை இலைக்கடியில வெள்ளைப்பூச்சி துடைக்கணும், சோப்புத் தண்ணியில, ஒவ்வொரு இலையா. என் சட்டைக்குக் கூட நான் அவ்வளவு சோப்பு போட்டதில்ல. அறுபத்திரெண்டு வயசாச்சும்மா. முதுகு வளைஞ்சா நிமிர மாட்டேங்குது.

விடச் சொல்லுங்கங்கிறீங்க. எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவ அக்கா போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கும் பிரஷர்தான். கைப்பை நிறைய மாத்திரை வச்சிருக்கும், மணி தவறாம போடும், அப்படியும் போயிருச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ தன்னோட மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டா. எங்கக்காவைத் தின்னது இதுதான், இனிமே என் வாயில படாதுன்னுட்டா. நானும் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ரெண்டு நாள் பேசாம இருந்தேன். பொண்ணு போன்ல அழுதா. ம்ஹூம். மூணாவது வாரம் கை மரத்துப்போய் ஆஸ்பத்திரியில கிடந்தா. அங்கேயும் நர்ஸ் குடுத்த மாத்திரையைக் கன்னத்துல அடக்கி வச்சிருந்து துப்பியிருக்கா. திரும்பி வந்ததும் இந்தத் தொட்டிங்கதான். முதல்ல ரெண்டு, அப்புறம் ஆறு, அப்புறம் நம்ம உக்கார இடமில்ல.

ஆமா, இப்ப நல்லாத்தான் இருக்கா. கல்லு மாதிரி இருக்கா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் கையில பிரஷர் கருவியைச் சுத்திப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்கேம்பார். மாத்திரையைத் தொடவே இல்ல டாக்டர், எல்லாம் என் இலைதான்னு இவ பெருமையா சொல்லுவா. அவர் என்னைப் பாப்பார். நான் சுவத்துல காலண்டரைப் பாப்பேன்.

கஷாயம் அவ போடுறதில்லம்மா. நான்தான். இலையை அவ பறிச்சு வைப்பா, காய்ச்சி டம்ளர்ல ஊத்திக் குடுக்குறது நான். நிலவேம்புன்னா கசப்பு சாதாரணக் கசப்பில்ல, நாக்கையே கழட்டி வச்சிரலாம்னு இருக்கும். அதுல வேற எந்த ருசியும் தெரியாது. போன வருஷம் பிள்ளைங்களை டூர் கூட்டிட்டுப் போக மூணு நாள் வேன் கேட்டாங்க. போனேன். திரும்பி வந்தா முகமெல்லாம் அதைச்சுப் போய், பின்மண்டை வலிக்குதுன்னு படுத்திருக்கா. அதே இலை, அதே அடுப்பு, அவளே காய்ச்சிக் குடிச்சிருக்கா. என்ன சொன்னா தெரியுமா? உங்க கைப்பக்குவம் எனக்கு வரலங்கன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. நான் பாத்ரூம்ல போய் அழுதேன்.

அதுலேர்ந்து ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல. எங்கண்ணன் காரியத்துக்குக் கூடக் காலையில டம்ளரைக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன், அன்னைக்கே திரும்பிட்டேன். எல்லாரும் தப்பா பேசினாங்க. பேசட்டும்.

இல்லம்மா, எந்திரிக்காதீங்க. நிலவேம்பு தர மனசில்லாம பேசல. இதோ இந்த டப்பாவோடவே எடுத்துக்குங்க. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு இது மட்டும் போதாது. எங்க வீட்டு டம்ளர்ல தினமும் ஒரு மாத்திரை இருக்கும். ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சுப் பொடிச்சு நான்தான் கலக்குறேன், டாக்டருக்குத் தெரியும். பொடிக்கக் கூடியதா பாத்து அவர்தான் மாத்தி எழுதிக் குடுத்தார். உங்கக்காவுக்குத் தெரியாது.

அப்படிப் பாக்காதீங்க. அவ பொய் சொல்லலம்மா, நம்பித்தான் சொல்லியிருக்கா. பொய் நான்தான். அவ உசுரு நின்னா சரின்னு மட்டும் பாத்தேன், அது மாடி ஏறி உங்க வீட்டுக்கு வரும்னு யோசிக்கல.

போங்க, முதல்ல போய் அவருக்கு மாத்திரையைக் குடுங்க, அப்படியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என் செருப்பு அந்தத் தொட்டிக்குப் பின்னாடி கிடக்கும், கொஞ்சம் தள்ளி விடுங்க. எதிர் பிளாக்ல நாலு பேரு உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்லணும், அவளை வச்சுக்கிட்டேதான் சொல்லணும். நாளையிலேர்ந்து என் கையால அவ பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டா.