வளைந்த கோடு

பேருந்தில் காதில் விழுந்ததை இரவு உணவின்போது மனைவியிடம் சொல்வது என் வழக்கம். இப்போதெல்லாம் எழுதியும் வைக்கிறேன்.

நேற்று வல்லம் வடகால் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் ஏறிய இரு பெண்கள், தொழிற்சாலைச் சீருடையோடு என் முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் தென்மாவட்டத்துக்காரி. கணினியோடு இணைத்துப் படம் வரையும் டேப்லெட் ஒன்றைக் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தாள். மற்றவள் இந்தப் பகுதிக்காரி.

“நாள் பூரா ஸ்கிரீன் மேலதான் கோடு போட்டுகினு கீறோம். ரூமுக்கு வந்தும் அதானாடி?” என்றாள் தோழி.

தொடுதிரைகளை மூலைக்கு மூலை கோடிழுத்துச் சோதிப்பது அவர்கள் வேலை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

“ஸ்கிரீன் இல்லாதது பாதி வெலைக்கு கீது. அத்த வாங்கு.”

“வேண்டாம்ட்டி. அதுல கை ஒரு பக்கம் வரையும், கண்ணு வேற பக்கம் பாக்கும். நான் வரையுத இடத்துலயே எனக்குத் தெரியணும்.”

“லேப்டாப்புக்கு இன்னா பண்ணுவ?”

“பள்ளிக்கூடத்துல குடுத்தது இருக்குல்லா.”

“அது ஆன் ஆவறதுக்குள்ள ஒரு ஷிப்ட் முடிஞ்சிடும்!”

“முடியட்டும். கம்பெனி லைன்ல கோடு கொஞ்சம் வளைஞ்சா மெஷின் ஃபெயில்னு காட்டுது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் ஏசுதாரு. இதுல நான் வளைச்சுத்தான் போடுவேன். ஃபெயில்னு எவன் சொல்லுதாம்னு பாப்போம்.”

“மொதல்ல இன்னா வரைவ?”

“அந்த சூப்பர்வைசர் மூஞ்சிய.”

சொன்ன வேகத்தில், திரையுள்ள சிறிய டேப்லெட்டை வாங்கும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

தோழி கைபேசித் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“மீசைய நல்லா கோணலா போடு.”