கட்டில் நீளத்துக்கு ஒழுகிய கூரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்தியாகிவிட்டதா... சரி. இது நம் கங்காதரனின் தாய்மாமன் வீட்டில் நடந்தது. காட்டுப்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நிலமும் பேருமாக வாழ்ந்த குடும்பம். அவர்களைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. இங்கே கேட்டது இந்த வாசலைத் தாண்ட வேண்டாம்.

சண்டைக்காலம். கார்த்திகை மாதம், விளக்கு வைக்கிற வேளை. பூந்தமல்லிச் சாலையில் ஈ காக்கை இல்லை. தூறல். கங்காதரனின் மாமன் கோதண்டம் மாட்டுவண்டியில் தனியாக வந்துகொண்டிருந்தார். வண்டியில் வைக்கோல் போட்டு அடுக்கிய நாட்டு ஓடுகள். மாட்டின் கழுத்துமணி... சக்கரம் சேற்றை நசுக்கும் ஓசை... வேறு ஒன்றும் இல்லை.

சாலைத் திருப்பத்தில் அவர் வீட்டுக் கொல்லை தெரியும். கொல்லைக் கோடியில் ஓட்டுக் கொட்டகை. குண்டு விழும் என்று ஊரே விளக்கை மறைத்து வைத்திருந்த காலம் அது. ஆனால் அந்தக் கொட்டகைக் கூரையிலிருந்து வெளிச்சம் மேலே எழுந்து நின்றது. ஓடுகளுக்கு நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு திறப்பு. மழை அதற்குள் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

மாட்டை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கொட்டகை பூட்டிக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில். திறந்தார்... இருட்டு. லாந்தரைத் தூக்கிப் பார்த்தால் ஓடுகள் வரிசை கலையாமல் இருந்தன. தரை மட்டும் நனைந்திருந்தது. மூலையில், கட்டில் நீளம், கட்டில் அகலம். அதற்கு வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை.

அந்த மூலையில்தான் அவருடைய அக்கா சாமுண்டீஸ்வரியின் கட்டில் முன்பு கிடந்தது.

தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். இருமல் நோய் முற்றி, அந்தக் கொட்டகையிலேயே ஆடாதோடைக் கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்தாள். ஆவணியில் ஒரு மாலை உயிர் போயிற்று. போன நேரம் அவிட்டம். அடைப்பு நட்சத்திரம். அடைப்பில் போனவர்களை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. கூரையைப் பிரித்து, அந்த வழியாகத் தூக்கி வெளியே கொண்டுபோக வேண்டும். பிறகு இடத்தை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும். அதுவரை அந்தச் சுற்றுச்சுவருக்குள் மேளச் சத்தம் கேட்கக் கூடாது.

கோதண்டத்தின் மகள் வசந்தாவுக்கோ மண்ணூர்பேட்டையில் நிச்சயமாகியிருந்தது. கார்த்திகையில் முகூர்த்தம். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரன், லீவு முடிந்தால் எந்தக் கடலுக்கு அப்பால் போவானோ. அவர்கள் ஆறு மாதம் காத்திருக்கவா போகிறார்கள்?

உயிர் போனபோது பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணன் ஜம்புலிங்கமும் தம்பி கோதண்டமும் மட்டும்தான். அண்ணன் அவள் கண்ணை மூடிவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"இப்ப போவல. மத்தியானமே போயிட்டா. அப்ப திருவோணம். புரியுதா நைனா?"

கோதண்டம் தலையாட்டினார். சாமுண்டீஸ்வரியை வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள்.

அந்தக் கொட்டகையில்தான் இப்போது கல்யாணச் சமையல் நடக்க வேண்டும். ஒழுக்கை அடைத்தாக வேண்டும். ஓடு மாற்றுகிற ஆட்கள் எல்லாரும் ஆவடியில் மிலிட்டரி வேலைக்குப் போய்விட்டார்கள். கிடைத்தாலும் வெளி ஆளைக் கூரைமேல் ஏற்றக் கூடாது என்று அண்ணனின் உத்தரவு. கோதண்டமே ஏணி வைத்தார்.

முதலில் தூம்பைச் சந்தேகப்பட்டார். கூரைத் தண்ணீரை வாங்கித் தொட்டியில் விடும் தகரத் தூம்பு அது. சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். கையை விட்டு வழித்தார். வந்ததெல்லாம் வெந்து துவண்ட இலைகள். முகர்ந்தார். ஆடாதோடை... அந்தக் கொல்லையில் ஆடாதோடைச் செடியே கிடையாது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு தாழ்வாரத்திலிருந்து மேல்முகடு வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி வேம்புலியம்மாள் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கியாவது சொட்டுதா?"

"ஒரு சொட்டு இல்லீங்க. கூரைல ஓட்டை இல்ல. உங்க தலைலதான் கீது."

அவரும் சிரித்துவிட்டார். சிரித்த வாய் மூடுமுன் மழை பிடித்தது. உள்ளே ஓடிப் பார்த்தால், கட்டில் நீளத்துக்கு ஈரம். வேம்புலியம்மாள் அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

மறுநாள் நல்ல வெயில். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றால், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே வெளிச்சப் புள்ளி தெரியும். அப்படித்தான் நின்றார். புள்ளி ஒன்றும் இல்லை. கண் இருட்டுக்குப் பழகியது...

கரக்.

சட்டியை நகத்தால் சுரண்டின மாதிரி ஒரு சத்தம். மூலைக்கு நேர் மேலே ஓர் ஓடு விரல் உயரத்துக்கு எழுந்தது. மெதுவாக நகர்ந்தது. வெயில் ஒரு குச்சியைப் போல உள்ளே இறங்கியது. கரக்... பக்கத்து ஓடு. கரக்... அதற்கடுத்தது. சூடான கஷாய வாடை குப்பென்று வந்தது. மூலையில் யாரோ வாய்க்குள் அடக்கி இருமினார்கள். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது சாமுண்டீஸ்வரி அப்படித்தான் இருமுவாள்.

கோதண்டம் கதவை எப்படித் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் ஏணியில் ஏறினார். ஏறாமல் இருந்திருக்கலாம். குரங்கு தள்ளினால் ஓடு சரிந்து விழும். இவை விழவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, ஓடு மாற்றுகிறவன் வைப்பதுபோல, ஓரமாக அடுக்கியிருந்தன. ஒன்றைத் திருப்பினார். அவள் குளிருக்கு வைத்திருந்த கணப்புச் சட்டியின் கரி அடியில் படிந்திருந்தது. கரியில் நாலு விரல் தடம். மெலிந்த விரல்கள்.

அன்று மாலையே அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணாத்தே, அது ஒழுக்கு இல்ல. அக்கா வழி கேக்குது. நாமளே பிரிச்சு வுட்டுடலாம்."

ஜம்புலிங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பந்தக்கால் நட்டாச்சு. இப்ப கூரையப் பிரிச்சா ஊரு இன்னான்னு கேக்கும்? அடைப்ப மறைச்ச குடும்பம்னு பேரு வாங்கணுமா?"

"எம் பொண்ணுக்கு எதுனா ஆயிட்டா?"

"உம் பொண்ணுக்காவத்தான்டா பொய் சொன்னேன். எனக்கு ஒண்ணும் ஆசையில்ல." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு நான் அங்க படுத்துக்கறேன். சின்ன வயசுலேந்து எனக்கு பயந்தவ அவ. நான் படுத்தா அடங்கிடுவா."

திறப்பின் மேல் தகரம் போட்டு, அவரே ஏறி ஆணி அடித்தார். அந்த வயதில். பிறகு பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ராத்திரி மழை. தகரத்தின்மேல் மழை விழும் சத்தம் வீடுவரை கேட்டது. நடுநடுவே வேறொரு சத்தம்... தகரத்தைக் கீழேயிருந்து தட்டுகிற சத்தம். கோதண்டம் எழுந்து உட்கார்ந்தார். போகவில்லை. விடியுமுன் இரண்டும் நின்றுவிட்டன.

காலையில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. கதவு ஊறிப் பருத்துத் தாழ்ப்பாளோடு இறுகிக் கிடந்தது. எத்தனை பேர் முட்டியும் அசையவில்லை. கூரைமேல் ஏறித் தகரத்தைப் பெயர்த்த பக்கத்து வீட்டுத் தேவராஜ் எட்டிப் பார்த்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார். பஞ்சாங்கம் பார்க்கச் சொன்னார்கள். அவிட்டம்.

இம்முறை நேரத்தை மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. மண்ணூர்பேட்டைக்குச் செய்தி போயிற்று. பந்தக்காலைப் பிடுங்கினார்கள். வசந்தா நலங்கு மஞ்சளைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டாள்.

கூரை வழியாகத்தான் எடுக்க வேண்டும். கோதண்டம் உள்ளே இறங்கினார். பெயர்த்த தகரம் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் அடிப்பக்கம் முழுவதும் விரல் முட்டி அளவுக்குப் பள்ளங்கள். அண்ணன் மூலையில், ஈரத்தின் மேல், ஒருக்களித்துச் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தார். பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டதுபோல.

ஜம்புலிங்கம் ஒல்லியான மனிதர். கயிறு கட்டிக் கொடுத்தார் கோதண்டம். மேலேயிருந்து நாலு பேர் இழுத்தார்கள். வரவில்லை. இன்னும் நாலு பேர் ஏறினார்கள்.

"இன்னா அண்ணாத்தே," என்று தேவராஜ் மேலேயிருந்து கேட்டார், "ஆட்டுக்கல்லையும் சேத்துக் கட்டிட்டியா? ரெண்டு ஆள் கனம் கனக்குது."

பாரம் அங்குலம் அங்குலமாக ஏறியது. திறப்பைத் தாண்டியது. தாண்டியவுடன் கனம் சட்டென்று விட்டது... இழுத்தவர்கள் எட்டுப் பேரும் ஓட்டின்மேல் மல்லாக்க விழுந்தார்கள்.

கீழே அண்ணாந்து நின்ற கோதண்டத்தின் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். துடைத்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

கஷாயம். சூடாக இருந்தது.